நூறு எண்ண அறுபத்து மூன்று செக்கன்

என்னுடைய படலைக்கும் அவருடைய படலைக்கும் இடையில் நாற்பத்திரண்டு அடி. இராணுவம் பிடித்து வைத்திருந்த காணிகளை விட்ட பிறகு நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்த வருடம் நான் அதை நாடா பிடித்து அளந்தேன். அளந்துகொண்டு நிற்கும்போது எதிர்ப் படலையைத் திறந்துகொண்டு ஒரு பெண்மணி வந்து நின்றார். என்னைவிட ஆறேழு வயது கூட இருக்கும். மெலிந்த உடம்பு, சாயம் போன பருத்திச் சேலை, இடது கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய மணிக்கூடு.

“எத்தினை?” என்றார். நீர் யார், எப்போது வந்தீர் என்ற கேள்வி ஒன்றும் இல்லை.

“நாப்பத்திரண்டு அடி.”

“அப்ப நாப்பத்திரண்டு நனோ செக்கன். கொஞ்சம் கூட.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் வீட்டுக்குள் வந்து கடதாசியில் கணக்குப் பார்த்தேன். ஒளி நாற்பத்திரண்டு அடி போக நாற்பத்திரண்டு தசம் ஏழு நனோ செக்கன் எடுக்கும். கொஞ்சம் கூட என்று அவர் சொன்னதும் சரி. அன்றைக்கே எனக்கு அவர்மேல் சந்தேகம் விழுந்தது. எங்கள் பகுதியில் ஒருவர் தூரம் விசாரித்தால், யாருக்காக விசாரிக்கிறார் என்பதுதான் முதலில் மனதில் வருகிற கேள்வி. நாடாவைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றவன் நான் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

அவரை ஊரில் எல்லோரும் எக்ஸ்சேஞ்ச் அக்கா என்பார்கள். தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருடம் ஒப்பரேற்றராக இருந்தவர். கலியாணம் செய்யவில்லை. வீட்டில் அவரும் ஒரு பூனையும். பூனைக்கு வயது நான்கு. இதுவும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

நான் அளவை நிறுவைப் பரிசோதகராக முப்பத்தொரு வருடம் வேலை செய்தவன். இறாத்தலும் மைலும் போய்க் கிலோவும் கிலோமீற்றரும் வந்த காலத்தில் கடை கடையாய் ஏறி இறங்கி, பழைய படிக்கற்களைப் பறிமுதல் செய்தவன். எங்கள் ஆட்கள் மைலைக் கட்டை என்று சொல்லுவார்கள். தெருவோரம் நட்ட மைல் கட்டையில் இருந்து வந்த பேச்சு. அந்தச் சொல்லை ஒழிப்பதற்காகவே அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்தது என்று ஒரு காலத்தில் நினைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவனுக்கு முன்னால் நின்று, ஒளி செக்கனுக்கு ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்து இருநூற்றெண்பத்திரண்டு கட்டை போகும் என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்.

“கிலோமீற்றரிலை சொல்லுங்கோ அக்கா.”

“உமக்குக் கிலோமீற்றரிலை. மீன்காரனுக்கு நொட்டிலை. ஐயருக்கு நாழிகையிலை. அவையவைக்கு விளங்கிற கணக்கிலை சொன்னாத்தானே அவையவை பொய் சொல்லேக்கை பிடிக்கலாம்.”

எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் கடைசியில் பொய்யில் வந்து நிற்கிற ஆள் அவர்.

கோயிலடியில் பூக்காரி முழம் போட்டு மாலை விற்பாள். அக்கா அவள் கையைப் பார்த்துக்கொண்டே நிற்பார். “பிள்ளை, ஒரு முழம் எண்டால் வெளிச்சத்துக்கு ஒண்டரை நனோ செக்கன். நீ போடுறது ஒண்டே காலுக்கும் வராது” என்பார். பூக்காரிக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் நிறைந்த சனத்துக்கு முன்னால் யாரோ தன்னைக் கள்ளி என்று சொல்வது மட்டும் விளங்கும். அடுத்த முழம் கொஞ்சம் நீளும். அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். முப்பத்தொரு வருடம் அரசாங்க முத்திரையோடு திரிந்தும் நான் ஒரு பூக்காரியின் முழத்தை நீட்டியதில்லை.

மயிலிட்டிப் பக்கத்தில் இருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிற ஒருவர் இருந்தார். சொந்தப் படகு, சொந்த வலை, நல்ல வாய். படகின் வேகத்தை நொட்டில்தான் சொல்லுவார், மணிக்கு ஒரு கடல் மைல் ஒரு நொட்.

“என்ன அக்கா, உங்கடை வெளிச்சம் இண்டைக்கு எத்தினை நொட் ஓடுது?”

“அம்பத்தெட்டுக் கோடியே இருபத்தேழு இலட்சம். நேற்றும் அதுதான்.”

“எங்கடை எஞ்சின் பதினெட்டு ஓடவே எண்ணெய் குடிச்சுக் கொல்லுது. உங்கடை ஆள் என்னத்தைக் குடிச்சிட்டு ஓடுறார்?”

“அது கிடக்கட்டும். இந்த மீன் எத்தினை மைலிலை பிடிச்சது?”

“முப்பது கடல் மைல்.”

“வலை இழுத்து எவ்வளவு நேரத்திலை கரைக்கு வந்தனீர்?”

“ஒரு மணித்தியாலம். துடிக்கத் துடிக்கக் கொண்டந்தனான்.”

“பதினெட்டு நொட்டிலை முப்பது மைல் வர ஒரு மணித்தியாலம் நாப்பது நிமிசம் வேணும். ஒண்டில் தூரம் பொய். இல்லாட்டி நேரம் பொய். இல்லாட்டி உந்த மீன் நேற்றையான்.”

மீன்காரர் பெட்டியை மூடினார். அதற்குப் பிறகு பதினேழு நாள் எங்கள் ஒழுங்கைக்குள் ஹோர்ன் அடிக்கவில்லை. பதினொரு வீட்டுக்காரரும் சந்தைக்குப் போய் மீன் வாங்கினோம். என்னுடைய மனைவி செல்வம் பதினேழு நாளும் அக்காவைத் திட்டினாள். “உந்த மனிசிக்கு ஆரையும் நம்பேலாது. உங்களுக்கு ஏற்ற கூட்டு” என்றாள்.

கூட்டு என்று சொல்ல முடியாது. நான் பின்னேரங்களில் அவருடைய விறாந்தைக்குப் போவதற்குக் காரணம், அவர் சொல்லுகிற இலக்கங்களில் பிழை பிடிக்க வேண்டும் என்பதுதான். நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு வைப்பார். ஒளி நாழிகைக்கு நாற்பத்து மூன்று கோடியே பதினேழு இலட்சம் கிலோமீற்றர். செக்கனுக்குப் பதினாறு கோடியே முப்பத்தொன்பது இலட்சம் பாகம். பாகம் என்பது கடற்காரர் ஆழம் பார்க்கிற ஆறடி. தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து நான் திருப்பிப் போட்டுப் பார்ப்பேன். ஒன்றிலும் பிழை இருக்காது. பிழை இல்லாத ஆளில் எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம் உண்டு. பரிசோதனைக்குப் போகும்போது எல்லாப் படிக்கல்லும் சரியாக இருக்கிற கடையைத்தான் இரண்டாம் தரம் போய்ப் பார்ப்பேன்.

ஏன் இப்படி ஆனார் என்பதை ஒரு மழை நாளில் அவரே சொன்னார்.

“எக்ஸ்சேஞ்சிலை எங்களுக்கு முன்னாலை ஒரு பலகை. பலகை முழுக்கத் துளை. ஆர் எங்கையிருந்து எடுக்கிறான் எண்டது எந்தத் துளையிலை வயர் குத்தியிருக்கு எண்டு பாத்தாத் தெரியும். ஒரு நாள் ஒருத்தர் பெண்சாதிக்கு எடுக்கிறார். நான் கொழும்பிலை நிக்கிறன், இந்தக் கிழமை வரேலாது எண்டு சொல்லுறார். வயர் குத்தியிருக்கிறது சுன்னாகத் துளையிலை. வீட்டிலை இருந்து ரண்டு கட்டை. அந்தப் பிள்ளை கேக்குது, அங்கை மழையோ எண்டு. ஓம் நல்ல மழை எண்டுறார். இஞ்சை ஒரு சொட்டு மழை இல்லை.”

“நீங்கள் சொல்லேல்லையோ?”

“எப்பிடிச் சொல்லுறது. வாய் திறந்தா வேலை போயிடும். இருபத்தாறு வரியம் தம்பி. ஆர் எங்கை நிண்டு பொய் சொல்லுறான் எண்டு எனக்குத் தெரியும். அதைக் கேட்டு நம்பிற குரலும் எனக்குக் கேக்கும்.”

“அப்ப நீங்கள் ஒட்டுக்கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்.”

“அப்பிடி நான் சொல்லேல்லை.”

“மழை எண்டு கதைச்சது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். “அடுப்பிலை பால்” என்று எழும்பிப் போனார். அந்த வீட்டில் அன்று அடுப்பு மூட்டியிருக்கவில்லை. புகை இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு பலகையை எடுத்துவிட்டு எல்லாம் தானாக இயங்கும் இயந்திரமாக மாற்றினார்கள். துளை இல்லை. இளைப்பாறி வந்த அக்காவுக்கு யார் எங்கே நிற்கிறார் என்று பார்க்க வழியில்லாமல் போயிற்று. அந்த இடத்துக்குத்தான் அவர் ஒளியைக் கொண்டுவந்தார். குரல் எந்த வழியால் வந்தாலும் ஒளியைவிடக் கெதியாய் வராது. கண்ணாடி நாருக்குள்ளால் வந்தால் மூன்றில் இரண்டு பங்கு வேகந்தான். வானத்தில் நிற்கிற செய்மதிக்குப் போய் வந்தால் தூரம் பல மடங்கு. ஆகவே தொலைபேசியில் ஒரு கேள்விக்குப் பதில் வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து, அதை ஒளியின் வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால், பேசுகிற ஆள் அந்தத் தூரத்துக்கு அப்பால் இருக்கவே முடியாது.

“கூடலாம், குறையக் கூடாது” என்பார். நேரம் கூடினால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், ஒன்றும் சொல்ல முடியாது. நேரம் குறைந்தால் ஆள் பொய் சொல்லுகிறான். அவ்வளவுதான் அவருடைய சட்டம். அதில் நான் எவ்வளவோ தேடியும் ஓட்டை கிடைக்கவில்லை.

இனி என்னுடைய மகன் ரமணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்களைக் கள்ளமாய் வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் மூலம் வெளிக்கிட்டவன். எந்தெந்த நாட்டால் போகிறான் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு, கனடாவுக்கு வந்து சேர்ந்துவிட்டேன், ரொறன்ரோவில் இருக்கிறேன் என்று போன் எடுத்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பின்னேரம் ஏழு மணிக்கு எடுப்பான். செல்வம் ஆறு மணியில் இருந்தே போனை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள்.

எனக்கு இரண்டு விசயம் உறுத்தியது. முதலாவது, எங்கள் போனில் விழுகிற இலக்கம் கனடா இலக்கம் இல்லை. உள்ளூர் இலக்கம். பதினொரு ஞாயிற்றுக்கிழமையில் ஒன்பது வேறு வேறு உள்ளூர் இலக்கங்கள். கடையில் வாங்குகிற தொலைபேசி மட்டை போட்டு எடுத்தால் அப்படித்தான் விழும் என்று அவன் சொன்னான். அவன் தந்த கனடா இலக்கம் ஒன்று எங்களிடம் இருந்தது, ஆனால் அப்படி ஓர் இலக்கத்தை எந்த நாட்டில் இருந்தும் தூக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். இரண்டாவது, பதில் கெதியாய் வந்தது. “சாப்பி...” என்று நான் தொடங்கினாலே “சாப்பிட்டன் அப்பா” என்பான். உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கிறவனுக்கு என் கேள்வி போய்ச் சேர முன்னம் பதில் எப்படி வரும்.

ஏஜென்சிக்காரர் பாங்கொக்கிலும் மலேசியாவிலும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பிள்ளைகள் பூட்டிய அறைகளில் மாதக்கணக்கில் கிடந்த கதைகளை நாங்கள் கேட்டிருக்கிறோம். வீட்டுக்குச் சொன்னால் தாய் தாங்கமாட்டாள் என்று, வந்துவிட்டேன் என்று பொய் சொன்ன பிள்ளைகளும் உண்டு.

அக்காவிடம் போனேன். முழுவதையும் கேட்டார். 

“உது உமக்குத் தேவையோ தம்பி? தெரிஞ்சால் பிறகு தெரியாமல் இருக்கேலாது.”

“எனக்குத் தெரியவேணும்.”

வழியை அவர் சொன்னார். நான் ஒன்று என்று சொல்ல வேண்டும், அவன் இரண்டு, நான் மூன்று, அவன் நான்கு. இப்படி நூறு வரைக்கும். குரல் ஐம்பது தரம் போய் ஐம்பது தரம் வரும். முதலில் ஒரே இடத்தில் இருந்து எண்ணி எவ்வளவு நேரம் என்று பார்த்து வைத்துக்கொண்டு, போனில் கூடுகிற நேரத்தை ஐம்பதால் பிரிக்க வேண்டும். ரொறன்ரோ எங்களுக்குப் பதின்மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர். ஒளி நேராக ஓடினாலும் ஐம்பது தரம் போய் வர நாலரைச் செக்கன் வேண்டும். அதற்குக் குறைய முடியாது.

விறாந்தையில் நானும் அக்காவும் எண்ணினோம். அறுபத்திரண்டு செக்கன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். செல்வம் கதைத்து முடித்து அடுக்களைக்குப் போன பிறகு போன் என் காதில். அவர் எனக்கு முன்னால் கதிரையில் இருந்து மணிக்கூட்டின் செக்கன் முள்ளையும் என் வாயையும் பார்த்துக்கொண்டு இருந்தார். நூறு கேட்டதும் நான் கையைத் தூக்க வேண்டும்.

“தம்பி, நான் ஒண்டு எண்டு தொடங்கிறன். நீ ரண்டு சொல்லு. நூறு மட்டும்” என்றேன்.

அங்கே அவன் சிரித்தான். “என்னப்பா, கம்பம் எண்ணப் போறியளோ?”

அதை நான் மறந்திருந்தேன் என்று சொன்னால் பொய். இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் அவனைச் சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோவேன். வழியில் அறுபத்து நான்கு கம்பங்கள். கம்பி எல்லாம் அறுந்துபோய் வெறுங் கம்பங்கள். ஒற்றை எண் எனக்கு, இரட்டை எண் அவனுக்கு. கம்பம் முடிந்த பிறகும் விடமாட்டான், நூறு வரைக்கும் போவான். ஐந்து வருடம், நாளுக்கு ஒரு தரம்.

ஒன்று என்றேன். எண்ணினோம். குரலுக்கு மேல் குரல் விழுந்தது. சைக்கிளிலும் அப்படித்தான் விழும். நான் என்னுடைய எண் தவறக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். தொண்ணூற்றொன்பது சொன்னேன். பிறகு நூறு வந்தது. கையைத் தூக்கினேன்.

“ஆர் அப்பா, நானோ நீங்களோ பிழை விட்டது?” என்று அவன் சந்தோசமாகக் கேட்டான். ஒருவரும் இல்லை என்றேன்.

அறுபத்து மூன்று செக்கன்.

கூடியது ஒரு செக்கன். ஐம்பதால் பிரித்தால் தசம் சுழியம் இரண்டு. ஒளியின் வேகத்தால் பெருக்கினால் ஆறாயிரம் கிலோமீற்றர். பாதி மூவாயிரம். அக்கா தாளில் போட்டார், நான் வேறு தாளில் போட்டேன். இரண்டும் ஒன்று.

“உமக்குச் சொல்ல எனக்கு விருப்பமில்லை” என்றார். “உவன் மூவாயிரத்துக்கு அங்காலை இல்லை.”

அன்றைக்கு அவர் முகத்தில் நான் கண்டதைச் சரியாகச் சொல்ல வேண்டும். கவலை இருந்தது. அதற்குக் கீழே, இருபத்தாறு வருடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிட்ட ஆறுதலும் இருந்தது.

தேசப்படத்தை விரித்துக் கவராயத்தால் வட்டம் கீறினேன். வட்டத்துக்குள் பாங்கொக் இருந்தது. கோலாலம்பூர் இருந்தது. டுபாய் விளிம்பில் நின்றது. ஆறு நாள் நான் நித்திரை கொள்ளவில்லை.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. செல்வம் கதைத்து முடித்துப் போனை என்னிடம் தந்தாள்.

“தம்பி, நீ இப்ப எங்கை நிக்கிறாய்?”

“ரொறன்ரோவிலைதான் அப்பா. ஏன்?”

“அம்மாவுக்குச் சொல்லமாட்டன். எனக்கு உண்மையைச் சொல்லு. உன்ரை குரல் மூவாயிரம் கிலோமீற்றருக்கு அங்காலையிருந்து வரேல்லை. கணக்குப் பாத்தாச்சு. பாங்கொக்கோ?”

செல்வம் அடுக்களை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

 பிறகு மெதுவாகக் கேட்டான். “கம்பம் எண்ணினது உதுக்கோ அப்பா?”

நான் பதில் சொல்ல முன்னம் வைத்துவிட்டான்.

ஒன்பது ஞாயிற்றுக்கிழமை அவன் எடுக்கவில்லை. நாங்கள் எடுத்தாலும் தூக்கவில்லை. செல்வம் ஆறு மணிக்கே போனை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள், ஒன்பது மணிக்கு எழும்பிப் போவாள். எண்ணினதையும் கணக்கையும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு என்னோடு சாப்பாட்டுக் கதை மட்டும்தான். நான் அக்காவின் வீட்டுக்குப் போவதையும் நிறுத்தினேன். இரவில் படுத்துக் கிடந்து யோசிப்பேன். இந்த மனிசிக்கு என்ன ஆதாயம். ஒரு குடும்பத்தைப் பிரித்துப் பார்ப்பதில் என்ன சந்தோசம். அந்த மணிக்கூட்டை நான் ஏன் ஒருதரம் கூடச் சோதித்துப் பார்க்கவில்லை.

பத்தாவது ஞாயிற்றுக்கிழமை காலமை செல்வம் ஒழுங்கையைக் கடந்து அக்காவின் படலையைத் திறந்தாள். அவள் அந்த வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தரம். நான் பின்னால் போனேன்.

“அக்கா, மணிக்கூட்டை எடுங்கோ” என்றாள். என்னைப் பார்த்து, “இஞ்சாருங்கோ, எண்ணத் தொடங்குங்கோ. நூறு மட்டும்” என்றாள்.

சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி இருந்தாள். இரண்டு காதுக்குள்ளும் விரலை விட்டு அடைத்துக்கொண்டாள். நான் ஒன்று என்றேன். அவளுக்குத் தொடக்கம் தெரிவதற்காக அக்கா அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு என்றாள். மூன்று என்றேன். நான்கு என்றாள். ஒரு இடத்தில் நான் வேண்டுமென்று கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன். அவள் கவனிக்கவே இல்லை, தன்பாட்டில் போனாள். எனக்குத்தான் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியிருந்தது. நூறு என்று சொல்லிவிட்டு விரலை எடுத்தாள்.

“எத்தினை அக்கா?”

அக்கா மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். “அறுபத்திரண்டு.”

“எனக்கு ஒரு சொல்லும் கேக்கேல்லை. முப்பத்தெட்டு வரியம் இந்த மனிசனோடை இருக்கிறன். எப்ப என்ன சொல்லுவார் எண்டு காது கேட்டோ தெரியவேணும். அந்தப் பிள்ளை அஞ்சு வயசிலை இருந்து எண்ணினவன். அவன் ஏன் அப்பா சொல்லுமட்டும் பாத்துக்கொண்டு இருக்கிறான்?”

 பூனை வந்து கதிரைக்குக் கீழே படுத்தது. முப்பத்தொரு வருடம் தராசுகளோடு வேலை செய்தவன் நான். நிறுக்க முன்னம் வெறுந்தட்டைச் சமன் பார்க்க வேண்டும், அதுவும் அந்தத் தராசின் சொந்தத் தட்டை. நான் அக்காவோடு எண்ணிச் சமன் பார்த்துவிட்டு என் பிள்ளையை நிறுத்திருக்கிறேன். அவன் என்னைக் கேட்டு எண்ணவில்லை. நானும் அவனைக் கேட்டு எண்ணவில்லை. குரல் அந்த வழியால் போய் வந்ததோ இல்லையோ என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தேவைப்படவில்லை.

அக்கா ஒரு நாட்காட்டித் தாளை எடுத்தார். பென்சிலை எடுத்தார். எழுதவில்லை.

“கடைசி நூறுக்கு மட்டும்தான் நீர் காத்திருந்தனீர் தம்பி” என்றார். “தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு உமக்குச் சொல்ல ஒண்டும் இல்லைத்தானே. முன்னம் எல்லாம் ஓட்டம். அந்த ஒரு செக்கன் ஐம்பது தரத்துக்கும் சேந்தது இல்லை. ஒரு தரத்துக்கு உரியது.”

ஒரு செக்கனில் போய் வந்தால் பாதி ஒன்றரை இலட்சம் கிலோமீற்றர். தொண்ணூற்று மூவாயிரம் கட்டை. உலகத்தில் எந்த இடமும் அதற்குள் அடங்கும்.

“அப்ப அவன் கனடாவிலை இருக்கிறானோ?” என்று கேட்டேன்.

“இருக்கலாம். கூடினால் நான் ஒண்டும் சொல்லேலாது எண்டு உமக்கு முதலே சொன்னனான்.”

அவர் செல்வத்திடம் ரமணனின் இலக்கத்தைக் கேட்டு வாங்கினார். தன்னுடைய போனில் இருந்து எடுத்தார். தெரியாத இலக்கம் என்றபடியால் அவன் தூக்கினான். அக்கா எக்ஸ்சேஞ்சில் கதைக்கிற குரலில் கதைத்தார், ஏற்றம் இறக்கம் இல்லாமல்.

“தம்பி, நான் முன்வீட்டிலை இருக்கிறன். கொப்பரோடை நீர் எண்ணேக்கை மணிக்கூடு பாத்தது நான். அவருக்கு அது தெரியாது. விளையாட்டு எண்டுதான் அவர் எண்ணினவர். நான் பிறகு கணக்குப் போட்டுக் காட்டி அவரைப் பயப்பிடுத்திப் போட்டன். பிழை என்ரை. அவரிலை ஒரு பிழையும் இல்லை.”

நான் அவருக்கு எதிரில் நின்றேன். செல்வம் அவருக்குப் பக்கத்தில் நின்றாள். அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு பொய் சொன்னார். அந்தப் பக்கத்தில் அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. அக்கா மூன்று தரம் ஓம் என்றார். பிறகு போனை வைத்தார்.

“நம்பினவனோ?” என்று கேட்டேன்.

“உதுக்கு எனக்குத் துளையும் இல்லை, வெளிச்சமும் இல்லை” என்றார்.

அன்று பின்னேரம் ஏழு மணிக்குப் போன் அடித்தது.

எட்டு மாதத்துக்குப் பிறகு அக்கா தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் நாலு தரம் போய்ப் பார்த்தேன். நாலாம் தரம் போனபோது கையில் மணிக்கூடு இல்லை. கை மெலிந்து கழன்றுபோகிறது என்று தலையணைக்குக் கீழே வைத்திருந்தார்.

“பொடியன் எடுக்கிறவனோ?”

“ஓம், ஒவ்வொரு ஞாயிறும்.”

“இப்ப எத்தினை செக்கன்?”

“நான் இப்ப உதெல்லாம் பாக்கிறதில்லை அக்கா.”

அவர் என்னைப் பார்த்தார். கொழும்பில் நல்ல மழை என்று ஒருவன் சொல்ல, சுன்னாகத் துளையில் குத்தியிருந்த வயரை இப்படித்தான் பார்த்திருப்பார்.  அதற்கு மூன்றாம் நாள் செத்துப்போனார். பூனையைச் செல்வம் கொண்டுவந்து வளர்த்தாள்.

இப்போது ரமணனுக்கு இரண்டு பிள்ளைகள். இப்போது போனில் முகம் தெரிகிறது. யன்னலுக்கு வெளியே பனி கொட்டுவதைப் பிள்ளைகள் போனைத் திருப்பிக் காட்டுவார்கள். அவன் எங்கே இருக்கிறான் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. தாயோடு அவன் கதைப்பது பழையபடிதான், அவள் ஒரு சொல் தொடங்க இவன் முடிப்பான், இரண்டு குரலும் ஒன்றுக்கு மேல் ஒன்று விழும். என்னோடு கதைக்கும்போது காத்திருக்கிறான். நான் கேட்டு முடிக்கும் வரை, முடித்ததும் அது அங்கே போய்ச் சேரும் வரை, முழுவதும் கேட்டுவிட்டு மரியாதையாகப் பதில் சொல்லுகிறான். நான் எண்ணித்தான் வைத்திருக்கிறேன். ஒரு செக்கன், சில நாளில் கொஞ்சம் கூட. ஒரு நாளும் குறைந்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை செல்வம் போனை என்னிடம் தந்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். சாப்பாடு கேட்டாகிவிட்டது, பிள்ளைகளைக் கேட்டாகிவிட்டது, குளிர் கேட்டாகிவிட்டது. அவன் முகம் எனக்கு முன்னால் இருந்தது. தலைமயிரில் இரண்டு பக்கமும் நரை.

“ஒண்டு” என்றேன்.

அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு செக்கன் போயிற்று.

“என்னப்பா? விளங்கேல்லை.”

“லைன் சரியில்லைப் போலை. அம்மாட்டைக் குடுக்கிறன்” என்று சொல்லி எழும்பினேன்.

லைனில் ஒரு பிழையும் இருக்கவில்லை.